குளிப்பாட்டாத காலை

கண் பரிசோதனை அறைக்கு வெளியே காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கேட்டார். "பாப்பாவுக்குக் கண்ணுல இன்னாங்க?"

"கண்ணுல இப்ப ஒண்ணும் இல்லைங்க. முட்டியிலதான் வீக்கம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கதவுக்கு மேலிருந்த பலகையைப் பார்த்தார். "இது கண்ணு டாக்டருங்க. எலும்பு டாக்டரு கீழ இருக்காரு. படி எறங்கி சோத்தாங்கைப் பக்கம் போங்க" என்று அக்கறையாக வழி சொன்னார்.

என் மகள் யாழினிக்கு நான்கு வயது. கண்மணியை விரியச் செய்யும் சொட்டு மருந்து விட்டிருந்ததால் கண்களை இறுக்கி மூடிக்கொண்டு என் மடியில் கிடந்தாள். முட்டி வீங்கிய குழந்தை எதற்குக் கண் டாக்டரிடம் வருகிறது என்பதை அந்தப் பெண்ணுக்கு அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. அதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதை முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என்னைப்போல் யாராவது ஒரு தாய் எந்தப் பரிசோதனையை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருக்கலாம்.

நாங்கள் கல்வராயன் மலையில் வெள்ளிமலையில் குடியிருக்கிறோம். என் கணவர் அங்கே பள்ளி ஆசிரியர். மழை ஓய்ந்து குளிர் இறங்கிய சமயத்தில் யாழினி காலையில் நடக்க மறுத்தாள். பாயிலிருந்து எழுந்து உட்காருவாள். அங்கிருந்து இடுப்பை நகர்த்தி நகர்த்தியே சமையல்கட்டு வரைக்கும் வருவாள். "தூக்கும்மா" என்பாள். இடுப்பில் வைத்துக்கொண்டே தோசை ஊற்றுவேன். வெந்நீரில் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, பால்வாடிக்குக் கிளப்பும்போது ஓட ஆரம்பித்துவிடுவாள்.

"பால்வாடிக்குப் போவாம இருக்க நடிக்குதுங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "எம்மவன் வயித்துவலின்னு நடிச்சான். இது கால்வலின்னு நடிக்குது. பொம்பளப் புள்ள, கொஞ்சம் புத்தி ஜாஸ்தி."

எங்கே வலிக்கிறது என்று கேட்டால் வலது முட்டியைக் காட்டுவாள். அழுத்திப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. கொழுகொழு கால்கள். வீக்கமா சதையா என்று எனக்குப் புரியவில்லை.

நான் இயல்பிலேயே பயந்தவள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பிவந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவள். அதனால் நான் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நீ கேஸ மூடிட்டு நாலு வாட்டி பாக்குறவ, சுமதி" என்றார் என் கணவர் சிரித்துக்கொண்டே. அவர் சொன்னதில் தப்பில்லை. நானே என்னை நம்பவில்லை.

பொங்கல் கழிந்தும் அது நிற்கவில்லை என்பதால் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். போகிற அன்று நான் செய்ததைச் சொல்ல வேண்டும், பின்னால் அதற்கு அர்த்தம் வரும். விடிவதற்குள் எழுந்து வெந்நீர் போட்டு, தலைக்கு ஊற்றி, பாதம் வரைக்கும் தேய்த்துக் குளிப்பாட்டினேன். இரட்டைச் சடை போட்டு, பவுடர் பூசி, நல்ல கவுன் மாட்டினேன். டாக்டர் தொட்டுப் பார்க்கிற குழந்தை அழுக்காக இருக்கக்கூடாது. எங்கள் பக்கத்தில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. நாற்று நடப் போகிற பெண்கூட, ஆஸ்பத்திரி என்றால் பிள்ளையைப் பளிச்சென்று ஆக்கிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். அப்படித்தான் நானும் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் யாழினி வாந்தியெடுத்தாள், கச்சிராயபாளையம் தாண்டியதும் தூங்கினாள், கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் இறங்கி எங்களுக்கு முன்னால் ஓடினாள்.

கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். மூட்டுவாதத்துக்கு என்று லேபில் ஒரு தொகுப்பு இருக்கிறது. என்னென்ன என்று தெரியாமலே எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டினோம். முடிவு வந்தபோது ஆர்.ஏ. என்பது 'இல்லை' என்று இருந்தது. அப்பாடா, வாதம் இல்லை என்று மூச்சு விட்டேன். ஏ.எஸ்.ஓ. என்பது மட்டும் அதிகம் என்று தடித்த எழுத்தில் இருந்தது.

"இது இருதயத்தைத் தாக்குற மூட்டுக் காய்ச்சலா இருக்கலாம்" என்றார் அந்த டாக்டர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட வேண்டும், பெரியவளாகும் வரைக்கும்கூடப் போட வேண்டியிருக்கும், உடனே ஆரம்பித்துவிடலாம் என்று சீட்டு எழுதினார்.

வெளியே வந்ததும் என் கணவர் மருந்துக் கடைப் பக்கம் திரும்பினார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. "ஏங்க, இன்னொருத்தர்கிட்ட கேட்டுட்டுப் போடலாமே."

"டாக்டர் சொல்லும்போது நாம இன்னா பெருசா தெரிஞ்சிக்கினோம்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. அதனாலதான் கேக்கலாம்ங்கறேன்."

என் கணவரின் அக்கா மல்லிகா கள்ளக்குறிச்சியில்தான் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அன்று அண்ணி வீட்டில் தங்கினோம். அடுத்த நாள் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குப் போனோம். அண்ணியும் வந்தார். யாழினியை அவரே குளிப்பாட்டி, மையும் இட்டுக் கொண்டுவந்தார்.

அங்கிருந்த டாக்டரம்மா என் வயதுக்குச் சற்று மூத்தவர். வரிசை கதவுக்கு வெளியே நீண்டிருந்தும் அவசரப்படவில்லை. லேப் காகிதங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். தொண்டையில் ஒருவகைக் கிருமி வந்துபோனால் உடம்பு அதற்கு எதிராக ஒன்றைத் தயாரித்து வைத்துக்கொள்ளும். அதன் அளவுதான் ஏ.எஸ்.ஓ. கிருமி வந்துபோனது என்பதை மட்டும் அது சொல்லும். இந்தக் கால்வலிக்கு அதுதான் காரணம் என்று சொல்லாது. ஆர்.ஏ. என்பதோ பெரியவர்களின் முடக்குவாதத்தில் காணப்படுவது. சின்னக் குழந்தைகளுக்கு வருகிற மூட்டு அழற்சியில் பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் வரும். அழற்சி என்றால் கிருமி எதுவும் இல்லாமலே, காப்பாற்ற வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தி சொந்த மூட்டையே புண்படுத்துவது.

அதாவது, நான் நிம்மதிப்பட்ட காகிதத்தில் நிம்மதிப்பட ஒன்றும் இல்லை. நான் பயந்த காகிதத்திலும் முடிவாக ஒன்றும் இல்லை.

"ஊசிய இப்ப ஆரம்பிக்க வேணாம். முதல்ல இருதயத்தைப் பாத்துடலாம்" என்றார். எக்கோ எடுத்தார்கள். ஜெல்லி தடவி ஒரு கருவியை நெஞ்சில் வைத்துப் பார்ப்பது, வலிக்காது. இருதயம் நன்றாக இருந்தது. யாழினி காட்டிய வலது முட்டியிலும் ஸ்கேன் எடுத்தார்கள். அதுவும் நன்றாக இருந்தது.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் சந்தோஷம் வரும். எனக்கு வரவில்லை. காலையில் என் குழந்தை தவழ்வதை நான் கண்ணால் பார்க்கிறேனே!

"மேடம், எம்.ஆர்.ஐ. எடுத்துடலாமா? சேலத்துல எல்லா டெஸ்ட்டையும் ஒரே நாள்ல எடுக்கறாங்களாம். எதையும் விட வேணாம் மேடம்."

"எடுக்கலாம்மா. அசையாம இருக்கணும், அதனால மயக்கம் குடுத்துத்தான் எடுக்கணும். எந்த மூட்டை எடுக்கச் சொல்லட்டும்?"

நான் யாழினியின் வலது முட்டியைப் பார்த்தேன், அதைத்தான் ஏற்கெனவே ஸ்கேன் எடுத்தாகிவிட்டது.

"ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் நாம ஒரு கேள்வி கேக்கணும். கேள்வி இல்லாம எடுத்தா, வர்ற பதில வச்சிக்கினு இன்னா பண்றது? இவ நடக்குறதப் பாத்தா எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்க சொல்றதையும் தள்ள முடியல. ரெண்டு நாள் வார்டுல இருக்கட்டும். காலையில நானே பாக்குறேன்."

நான் சொன்னதைத் தள்ள முடியவில்லை என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

என் கணவருக்குப் பள்ளியில் தேர்வு வேலை. மலைக்குத் திரும்பினார். அண்ணி சாப்பாடு கொண்டுவந்தார், போர்வை கொண்டுவந்தார், யாழினிக்குப் பொம்மை ஒன்றும் கொண்டுவந்தார். மறுநாள் பொழுது விடியும்போதே ஃபிளாஸ்க் நிறையச் சுடுதண்ணீர், சோப்பு, துவைத்து மடித்த கவுனோடு வந்து நின்றார். "ஆஸ்பத்திரிப் பச்சத்தண்ணியில புள்ளைக்குச் சளி புடிச்சிக்கும். அதான் வூட்ல காய்ச்சி எடுத்துக்கினு வந்தேன்." இதற்காகவே பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு ஃபிளாஸ்க்கும் இரவல் வாங்கியிருந்தார். சிஸ்டர் வேறு, ரவுண்ட்ஸ் வருவதற்குள் எல்லாப் பிள்ளைகளும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அழுதவளைத் தூக்கிக்கொண்டுபோய் நானும் அண்ணியுமாகக் குளிப்பாட்டினோம்.

டாக்டரம்மா வந்தபோது யாழினி கட்டில்களுக்கு நடுவே குதித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா நடக்குறாளே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு முகம் எரிந்தது. "நாளைக்கும் பாப்போம். இப்படியே இருந்தா வீட்டுக்குப் போயிட்டு, மறுபடி வந்தா வாங்க."

போனில் என் கணவர், "அவங்களும் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க இல்ல? ஒண்ணு ஊசிய ஆரம்பிப்போம், இல்ல வூட்டுக்கு வாங்க" என்றார். கோபமாக இல்லை, களைப்பாகச் சொன்னார். ஒன்று குழந்தைக்கு நோய் இருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. அல்லது எனக்குத்தான் நோய்.

மத்தியானம் அண்ணி சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். யாழினி கட்டிலில் உட்கார்ந்து தன் பொம்மையைக் காலியான டம்ளருக்குள் முக்கி முக்கி எடுத்தாள்.

"இன்னாடா பண்ற?" என்று கேட்டேன்.

"பாப்பாவுக்குக் காலு மூடிக்கிச்சும்மா. சுடுதண்ணி ஊத்துனா தொறந்துக்கும்."

"உனக்கும் அப்படித்தானா?"

"ஆமா" என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "அத்தை ஊத்துனாங்க இல்ல, தொறந்துக்கிச்சு."

நான் அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். கிளினிக்குக்குப் போன அன்று வெந்நீர். அரசு மருத்துவமனைக்கு வந்த அன்று வெந்நீர். இன்று காலையும் வெந்நீர். வலியோடு எழுந்த குழந்தையை ஒவ்வொரு தடவையும் வெந்நீரில் தேய்த்துத் தேய்த்து, கால் திறந்த பிறகுதான் டாக்டரிடம் காட்டியிருக்கிறோம். எங்கள் அக்கறையெல்லாம் சேர்ந்து நோயை மறைத்திருக்கிறது.

மறுநாள் நான் யாழினியை எழுப்பவில்லை. அண்ணி இரண்டு ஃபிளாஸ்க்கோடு வந்தார்.

"இன்னா சுமதி, இன்னும் தூங்கவுட்டுக்கினு இருக்க? டாக்டருங்க வர நேரமாச்சு."

"இன்னிக்குக் குளிப்பாட்டப் போறதில்ல அண்ணி."

"ஏன், ஜொரமா?"

"இல்ல. குளிப்பாட்டினா சரியாயிடுறா. அதான் குளிப்பாட்டல."

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரியாவறதுக்குத்தானம்மா ஆஸ்பத்திரிக்கு வந்துகீறோம்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பொம்மைக்குக் கால் மூடிக்கொண்ட கதையைச் சொன்னேன். அண்ணி நம்பினாரா என்று தெரியவில்லை. "சரி, மூஞ்சியாவது தொடச்சிவுடலாம். தலையப் பாரு, காக்காக் கூடு மாதிரி. நாலு பேரு பாத்தா தாயில்லாப் புள்ளன்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும் அண்ணி."

சிஸ்டர் வந்து அதட்டினார். "ஏம்மா, இந்தக் குழந்தைய ஏன் இன்னும் ரெடி பண்ணல?"

"டாக்டர் வர வரைக்கும் எழுப்ப மாட்டேன் சிஸ்டர். திட்டுனா என்னைத் திட்டட்டும்."

வாழ்க்கையில் நான் ஒரு சிஸ்டரிடம், ஒரு டீச்சரிடம், ஒரு மாமியாரிடம் மறுத்துப் பேசியதில்லை. அப்போதும் உள்ளே ஒரு குரல், தப்பாகப் போனால் என்ன செய்வாய் என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தது. தப்பாகப் போனால் போகட்டும், இந்த ஒரு கேள்வியையாவது கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். பெருக்குகிறவர் கட்டிலை இழுத்தபோது, என்னைத் திட்டிக்கொண்டிருந்த அண்ணியே திரும்பி, "மெதுவா பெருக்கும்மா, புள்ள தூங்குது" என்றார்.

டாக்டரம்மா எங்கள் கட்டிலுக்கு வந்தார். "மேடம், சுடுதண்ணில குளிச்சா இவளுக்குக் கால் சரியாயிடுது. நாங்க எப்பவும் குளிப்பாட்டித்தான் கொண்டுவந்தோம். இன்னிக்கு எழுப்பவே இல்ல. நீங்களே எழுப்பிப் பாருங்க."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு யாழினியின் கன்னத்தைத் தட்டினார். கண் விழித்தவள் என்னைப் பார்த்துக் கை நீட்டினாள். "தூக்கும்மா."

நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். இந்த நோயில் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது அதுதான். ஊசி போடுவதைப் பார்த்தபோதுகூட இவ்வளவு கஷ்டமாக இல்லை.

டாக்டரம்மா கொஞ்சம் தள்ளி நின்று ஸ்டெதாஸ்கோப்பை ஆட்டினார். "இது வேணுமா? வந்து வாங்கிக்கோ." யாழினி கட்டிலிலிருந்து சரிந்து இறங்கினாள். வலது காலை ஊன்றினாள். இடது கால் மடங்கியபடியே நின்றது, விரல் நுனிதான் தரையைத் தொட்டது. ஒரு எட்டு வைக்கப் பார்த்தாள். முடியவில்லை. உட்கார்ந்து, இடுப்பை நகர்த்தி நகர்த்தி டாக்டரை நோக்கிப் போனாள். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

டாக்டரம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு முட்டிகளையும் புறங்கையால் தொட்டு எது சூடு என்று பார்த்தார். இடது காலை நீட்டிப் பார்த்தார், முழுதாக நீளவில்லை. இடது கணுக்காலிலும் வீக்கம் இருந்தது.

"இவ வலது கால் வலிக்குதுன்னு சொன்னதும் நெஜந்தான். பாரம் பூரா அதுதானே தாங்குது. நாம நல்ல காலை ஸ்கேன் எடுத்திருக்கோம்" என்றார். பிறகு அண்ணியின் கையிலிருந்த ஃபிளாஸ்க்கைப் பார்த்தார். "இப்பப் போயி நல்லாக் குளிப்பாட்டுங்க. அதுக்கப்புறம் எப்படி நடக்குறான்னும் எனக்குப் பாக்கணும்."

அண்ணிக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

அதற்குப் பிறகு எடுத்த பரிசோதனைகள் கொஞ்சம்தான். ஒவ்வொன்றும் எதற்கு என்று எனக்குத் தெரிந்திருந்தது. இடது முட்டியிலும் கணுக்காலிலும் ஸ்கேன்: மூட்டுக்குள் நீர் கோத்து, உள்சவ்வு தடித்திருந்தது. காசநோயும் மூட்டில் இப்படி உட்காரலாம் என்பதால் கையில் ஊசி போட்டுத் தடிக்கிறதா என்று பார்த்தார்கள், நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். இரத்தப் புற்றுநோயும் மூட்டுவலியாக வரலாம் என்பதால் இரத்த அணுக்களைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தார்கள். அந்த முடிவு வரும்வரை நான் சோறு தின்றதாக நினைவில்லை. இரண்டும் இல்லை என்று வந்தது. பல வாரங்களாக நீடிப்பது, வேறு காரணம் எதுவும் இல்லாதது, காலையில் இறுகுவது. எல்லாம் சேர்ந்து அது குழந்தைகளுக்கு வரும் மூட்டு அழற்சி என்று ஆனது. ஒரே ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிகிற நோய் இல்லை அது.

ஏ.என்.ஏ. என்று இன்னொன்றும் எடுத்தார்கள். அது 'இருக்கிறது' என்று வந்தால் இதே அழற்சி கண்ணுக்குள்ளும் வரும் ஆபத்து கூடுதல் என்றார் டாக்டரம்மா. "அது வரட்டும்னு காத்திருக்க வேணாம். இன்னிக்கே கண்ணைக் காட்டிடுங்க."

"கண்ணு நல்லாத்தான் மேடம் இருக்கு. சிவக்கல, தண்ணி வரல."

"சிவக்காதும்மா. வலிக்காது. புள்ளைக்கும் சொல்லத் தெரியாது. பார்வை போன பிறகுதான் தெரியும். அதனாலதான் தேடிப் போய்ப் பாக்கணும்."

விளக்கும் உருப்பெருக்கியும் சேர்ந்த கருவியில் மோவாயை வைத்துப் பார்க்கிற சின்னப் பரிசோதனை அது. இரத்தம் எடுக்க வேண்டாம், மயக்கம் வேண்டாம். நான் கேட்ட பெரிய பரிசோதனைகளின் வரிசையில் அது இல்லவே இல்லை. இடது கண்ணுக்குள் அழற்சி அணுக்கள் மிதக்கத் தொடங்கியிருந்தன. ஆரம்பம்தான், சொட்டு மருந்திலேயே அடக்கிவிடலாம் என்றார்கள். வலது முட்டியின் ஸ்கேனை நம்பி வீட்டுக்குப் போயிருந்தாலும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்திருந்தாலும், அது எங்களுக்குத் தெரியாமலே வளர்ந்திருக்கும்.

செய்தி கேட்டு என் கணவர் அடுத்த பஸ்ஸில் இறங்கி வந்தார். யாழினியின் இடது பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நடிக்காதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்" என்றார். அன்றிலிருந்து கண்ணுக்குச் சொட்டு விடுவது அவர் வேலை. விடும்போது தானும் கண்ணை மூடிக்கொள்வார். முதல் சொட்டு எப்போதும் கன்னத்தில்தான் விழும்.

சேலத்தில் மூட்டு நிபுணர் ஒருவர் லேசான மயக்கம் கொடுத்து முட்டிக்குள் ஊசி போட்டார். வாரம் ஒரு மாத்திரை கொடுக்கிறோம். அதற்காக அவ்வப்போது இரத்தம் பார்க்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண். நோய் முழுதாகப் போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. அடங்கியிருக்கிறது என்கிறார்கள். இந்த முறை கண்ணில் அணுக்கள் இல்லை. வெளியே வந்ததும், எலும்பு டாக்டருக்கு வழி சொன்ன அந்தப் பெண்ணைத் தேடிச் சொல்ல நினைத்தேன், அதற்குள் போய்விட்டார். அண்ணி மட்டும் ஒவ்வொரு தடவையும் முதல் நாளே போன் செய்து கேட்கிறார்: "நாளைக்குக் கண்ணுதான? குளிப்பாட்டலாம் இல்ல?"

காலையில் நான் இப்போது யாழினியை எழுப்புவதில்லை. அடுப்பில் தண்ணீர் காய்கிறபோது, சமையல்கட்டில் திரும்பி நின்றபடியே காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்று பாயிலிருந்து எழுந்து வந்தாள். இரண்டு காலடியும் ஒரே மாதிரிக் கேட்டன. சரியாகத்தான் கேட்டேனா என்று சந்தேகம் வந்தது.

"யாழினி, இன்னொரு வாட்டி அங்கிருந்து நடந்து வாடா."

முனகிக்கொண்டே திரும்பிப் போய், மறுபடியும் நடந்து வந்தாள். அதன் பிறகுதான் வெந்நீரை இறக்கினேன்.